டேப்லெட்டுக்குள்ளேயே சிம்மா, தனியாக ஹாட்ஸ்பாட்டா? – ஒரு பழைய கேள்வியின் கதை

காஞ்சிபுரம் பட்டுத் தறியில் ஜக்கார்டு பெட்டி வருவதற்கு முன்னால் 'அடை' என்று ஒரு முறை இருந்தது. புடவையின் டிசைன் தறியோடு சேர்த்துக் கட்டிய கயிறுகளில் இருக்கும். துணை ஆள் ஒருவர் அந்தக் கயிறுகளை வரிசையாக இழுக்க, நெசவாளர் நாடாவை ஓட்டுவார். டிசைனை மாற்ற வேண்டும் என்றால் கயிறுகளை மறுபடியும் கட்ட வேண்டும். அது பெரிய வேலை. 1804ல் பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் மேரி ஜக்கார்டு உருவாக்கிய இயந்திரம் இதை மாற்றியது. பெட்டி தறிக்கு மேலே தனியாக உட்கார்ந்துகொண்டது. டிசைன், ஓட்டை போட்ட அட்டைகளுக்குப் போய்விட்டது. அட்டையை மாற்றினால் டிசைன் மாறும், தறி அப்படியே இருக்கும்.

பல வருடம் உழைக்கும் ஒரு பொருளுக்குள், சீக்கிரம் மாறக்கூடிய ஒரு பொருளைச் சேர்த்தே கட்டிவிடலாமா? இல்லை, தனியாக மாட்டி வைக்கலாமா? தறியில் எழுந்த அதே கேள்விதான் இன்று டேப்லெட் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் முன்னால் நிற்கிறது. வைஃபை மட்டும் உள்ளதை வாங்கிக்கொண்டு ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுவதா, கூடுதல் பணம் கொடுத்து சிம் போடும் வசதி உள்ளதை வாங்குவதா?

கடைக்காரர் "சிம் இருந்தா வசதிங்க" என்பார். அண்ணன்மார்கள் "போன்லயே ஹாட்ஸ்பாட் இருக்கே, எதுக்கு வேஸ்ட்?" என்பார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இந்தியாவில் இந்தக் கேள்விக்கு இருபது வருடத்துக்கும் மேலான வரலாறு உண்டு. அதைப் பார்த்தால், கூடுதல் பணம் எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது கொஞ்சம் தெளிவாகும்.

ஊருக்கு ஒரு இணைப்பு

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் மூலமாக. அப்போது மோடம் என்பது மேஜை மேல் கணினிக்குப் பக்கத்தில் கீச் கீச் என்று சத்தம் போடும் ஒரு தனிப் பெட்டி. வீட்டில் கணினியும் டெலிபோனும் இரண்டும் இருந்தவர்கள் மிகக் குறைவு. மற்றவர்களுக்கெல்லாம் பிரவுசிங் சென்டர்தான். இணைப்பு கடைக்காரருடையது, மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைத்தது.

கிராமங்களுக்கு டெலிபோன் கம்பி இழுப்பது செலவு என்பதால் சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை உருவாக்கியது. வீட்டுச் சுவரில் மாட்டும் ஒரு சின்னப் பெட்டி, தூரத்தில் இருக்கும் கோபுரத்தோடு பேசும். அதில் டெலிபோனும் பேசலாம், நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் இணையமும் பார்க்கலாம். 2001ல் மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்துக் கிராமங்களில் இதை வைத்து இணைய மையங்கள் தொடங்கப்பட்டன. இன்றைய கண்ணுக்கு வேகம் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் சுவரில் ஒரு பெட்டி, அதை நம்பி ஒரு கணினி, அந்தக் கணினியை நம்பி ஒரு ஊர் என்ற அமைப்பு முக்கியமானது.

அதே சமயத்தில் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து 'சிம்ப்யூட்டர்' என்ற கையடக்கக் கணினியை வடிவமைத்தார்கள். 2004ல் அது விற்பனைக்கு வந்தது. டேப்லெட்டுக்கு ஒரு தாத்தா என்று இதைச் சொல்லலாம். அதில் ஸ்மார்ட் கார்டு செருகும் இடம் இருந்தது. கருவி பலருக்குப் பொதுவாக இருக்கும், ஒவ்வொருவரும் தன் அட்டையை மட்டும் கையில் வைத்துக்கொள்வார், செருகினால் அது அவருடைய கணினி! இது பெரிய அளவில் ஓடவில்லை. ஆனால் எது பொது, எது தனி என்று யோசித்து வரைந்த கருவி அது.

டாங்கிள் காலம்

2002 டிசம்பரில் ரிலையன்ஸ் தன் சிடிஎம்ஏ செல்பேசிச் சேவையைத் தொடங்கியது. அந்த போன்களில் சிம் கிடையாது. நம்பர் போனுக்குள்ளேயே பதிவாகியிருக்கும். கம்பெனியை மாற்றினால் போனையும் மாற்ற வேண்டும். அடை கட்டிய தறி மாதிரி!

சில வருடங்களில் அதே சிடிஎம்ஏ தொழில்நுட்பம் யுஎஸ்பி டாங்கிளாக வந்தது. ரிலையன்ஸ் நெட்கனெக்ட், டாடா போட்டான் இரண்டும் பிரபலம். நொடிக்கு 3.1 மெகாபிட் வரை வேகம் என்று விளம்பரம் செய்தார்கள். லேப்டாப்பில் செருகினால் ரயிலில் போகும்போதும் நெட் கிடைக்கும். ஆனால் ஒரு டாங்கிள், ஒரு கணினி. பக்கத்தில் இருப்பவருக்குப் பகிர்வது சுலபமில்லை.

2009ல் அமெரிக்காவில் நோவாடெல் நிறுவனம் 'மைஃபை' என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. அளவில் சில ஏடிஎம் கார்டுகளை அடுக்கினாற்போல் இருக்கும். உள்ளே ஒரு செல்பேசி ரேடியோ, ஒரு வைஃபை ரேடியோ, ஒரு பேட்டரி. கோபுரத்திலிருந்து சிக்னலை வாங்கி, சுற்றியிருக்கும் ஐந்து கருவிகளுக்கு வைஃபையாகக் கொடுக்கும். சட்டைப்பையில் ஒரு பிரவுசிங் சென்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கையடக்க ஹாட்ஸ்பாட் பரவலாகத் தொடங்கியது இப்படித்தான்.

கேள்வி பிறந்த வருடம்

2010 ஏப்ரல் 3ல் ஆப்பிள் ஐபேட் விற்பனைக்கு வந்தது. வைஃபை மட்டும் உள்ளது 499 டாலர். ஏப்ரல் 30ல் வந்த 3ஜி மாடல் 629 டாலர். வித்தியாசம் 130 டாலர். ஐபேடில் யுஎஸ்பி ஓட்டை இல்லாததால் டாங்கிள் செருக வழியில்லை. ஒன்று உள்ளே ரேடியோ இருக்க வேண்டும், இல்லையென்றால் வெளியே மைஃபை வேண்டும்.

அந்த வருடம் அக்டோபரில் ஒரு வேடிக்கை நடந்தது. ஐபேடின் 3ஜி ரேடியோ வெரைசன் கம்பெனியின் நெட்வொர்க்கில் வேலை செய்யாது. வெரைசன் என்ன செய்தது? வைஃபை ஐபேடையும் ஒரு மைஃபை பெட்டியையும் சேர்த்து 629.99 டாலருக்கு விற்றது. உள்ளே 3ஜி வைத்த ஐபேடின் அதே விலை! ஒரே விலைக்கு, ரேடியோ உள்ளே இருக்கும் ஒன்று, ரேடியோ வெளியே இருக்கும் ஒன்று. வாங்குகிறவருக்கு இவ்வளவு நேரடியாக இந்தக் கேள்வியை வேறு யாரும் வைத்ததில்லை.

இந்தியாவில் அதே 2010ல் 3ஜி அலைக்கற்றை ஏலம் 34 நாட்கள் நடந்தது. அரசுக்குக் கிடைத்தது சுமார் 67,719 கோடி ரூபாய். தமிழ்நாடு வட்டத்தை ஏர்டெல், வோடஃபோன், ஏர்செல் எடுத்தன. நவம்பரில் சாம்சங் கேலக்ஸி டேப் 38,000 ரூபாய்க்கு வந்தது, அதில் சிம் போட்டு போனே பேசலாம். 2011 ஜனவரி கடைசியில் ஐபேட் இந்தியாவுக்கு வந்தது. 16 ஜிபி வைஃபை 27,900 ரூபாய், 3ஜி உள்ளது 34,900 ரூபாய். வித்தியாசம் 7,000.

இந்த எண்ணை அப்படியே 2025 மார்ச்சுக்குக் கொண்டுவந்தால் ஒரு ஆச்சரியம். அப்போது வந்த அடிப்படை ஐபேடின் வைஃபை மாடல் 34,900 ரூபாய், செல்லுலார் மாடல் 49,900 ரூபாய். 2011ல் 3ஜியோடு சேர்த்துக் கொடுத்த விலைக்கு 2025ல் வைஃபை மட்டும்தான். வித்தியாசம் 15,000 ஆகிவிட்டது. அமெரிக்காவில் இந்த வித்தியாசம் 130 டாலரிலிருந்து 150 டாலர்தான் ஆனது. இங்கே இரண்டு மடங்குக்கு மேல் ஏறியதற்கு முக்கியக் காரணம் ரூபாயின் மதிப்பு. ஆனால் இதே காலத்தில் டேட்டா விலை தலைகீழாக விழுந்தது. 2014ல் ஒரு ஜிபிக்கு சராசரி சுமார் 269 ரூபாய், 2024ல் பத்து ரூபாய்க்கும் கீழே. நெட் மலிவானது, நெட்டை உள்ளே வாங்கும் வாசல் விலை ஏறியது.

ஆகாஷ் சொன்ன பாடம்

2011 அக்டோபர் 5 அன்று டெல்லியில் அமைச்சர் கபில் சிபல் 'ஆகாஷ்' டேப்லெட்டை வெளியிட்டார். மாணவர்களுக்காக அரசு டேட்டாவிண்ட் நிறுவனத்திடம் வாங்கிய விலை 2,276 ரூபாய். உலகமே திரும்பிப் பார்த்தது. 366 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 256 எம்பி நினைவகம், அழுத்தித் தொட வேண்டிய திரை. இந்தக் குறைகளைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். ஆனால் இன்னொன்று இருந்தது. அதில் வைஃபை மட்டும்தான். 2011ல் மாணவர் வீட்டிலோ கல்லூரியிலோ வைஃபை எத்தனை இடத்தில் இருந்தது?

அதே கம்பெனி கடையில் விற்ற யூபிஸ்லேட் 2,999 ரூபாய். அதில் சிம் போட்டு ஜிபிஆர்எஸ் மூலம் நெட் பார்க்கலாம். ஆக, காசு கொடுத்து வாங்குகிறவருக்கு சிம், அரசு கொடுக்கும் மாணவருக்கு வைஃபை. வசதி குறைந்தவருக்கே இணைப்பு இல்லாத கருவி போனது. விலையைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது ரேடியோதான். வெட்டினால் பணம் மிச்சம், ஆனால் அந்த வேலையை வேறு யாரோ செய்ய வேண்டும். அது யார் என்ற கேள்விக்குப் பதில் வைத்த பிறகுதான் வெட்ட வேண்டும்.

மறு வருடம், 2012ல், மைக்ரோமேக்ஸ் ஃபன்புக் 6,499 ரூபாய்க்கு வந்தது. அதில் நெட்டுக்கு வைஃபை, இல்லையென்றால் யுஎஸ்பி டாங்கிள் செருகலாம். பார்க்க அழகாக இல்லை, டேப்லெட்டுக்கு வால் முளைத்த மாதிரி இருக்கும். ஆனால் வால் தேவைப்படும்போது மாட்டலாம், கழற்றலாம்.

ரேடியோவுக்கு ஆயுள் குறைவு

அதே 2012ல் ரிலையன்ஸ் ஒரு சிடிஎம்ஏ டேப்லெட்டை 12,999 ரூபாய்க்கு விற்றது. ரேடியோ உள்ளே, நெட்வொர்க்கும் அவர்களுடையது. 2016, 2017ல் அந்த சிடிஎம்ஏ நெட்வொர்க் மூடப்பட்டது. அதன்பின் உள்ளே இருந்த ரேடியோவுக்கு வேலையில்லை. திரை நன்றாக இருந்தாலும், பேட்டரி நின்றாலும், அது வைஃபை மட்டும் உள்ள ஒரு டேப்லெட்தான். கூடுதலாகக் கொடுத்த பணம் அதோடு போனது. டாங்கிள்களும் செத்தன. ஆனால் டாங்கிள் செத்தபோது லேப்டாப் பிழைத்துக்கொண்டது. குப்பைக்குப் போனது சின்னப் பொருள் மட்டும்.

2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஏர்செல் சிக்னல் போனது பலருக்கு ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வளர்ந்த கம்பெனி அது. நம்பரை மாற்ற ஊரெங்கும் வரிசை. அந்த மாதக் கடைசியில் கம்பெனி திவால் மனு போட்டது. கஷ்டம்தான், ஆனால் சிடிஎம்ஏ கதையோடு ஒப்பிட்டால் ஒரு வித்தியாசம் உண்டு. ஏர்செல் வாடிக்கையாளர் யாரும் போனைத் தூக்கிப் போடவில்லை. அட்டையை மட்டும் மாற்றினார்கள். சிம் என்ற சின்ன பிளாஸ்டிக் துண்டு தனியாக இருந்ததால் வந்த பலன் அது.

அடுத்தது 3ஜி. ஏர்டெல் 2019ல் கொல்கத்தாவில் தொடங்கி ஒவ்வொரு வட்டமாக 3ஜியை மூடியது. 2011ல் 7,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கிய 3ஜி டேப்லெட், அந்த நெட்வொர்க்கில் 2ஜிக்கு இறங்கியது. ஜியோவில் 4ஜிதான் என்பதால் அங்கே ஒன்றுமே இல்லை. ஏலத்தில் 67,719 கோடிக்குப் போன ஒரு தலைமுறை பத்து வருடத்திலேயே மூட்டை கட்டத் தொடங்கிவிட்டது!

ஆக இதில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. திரை, ரேடியோ, அட்டை. மூன்றுக்கும் ஆயுள் வேறு வேறு. அட்டையை ஒரு நாளில் மாற்றலாம். ரேடியோ ஒரு தலைமுறை மாறும்போது பழசாகும். திரை கீழே விழுந்து உடையும் வரை ஓடும். எங்கே வெட்டிப் பிரிப்பது என்பதுதான் உண்மையான கேள்வி.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. 2013 கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி, ஒரு சொத்தின் முக்கியமான பாகம் ஒன்றுக்கு மற்ற பாகங்களை விட ஆயுள் வேறாக இருந்தால், அதற்குத் தேய்மானத்தைத் தனியாகக் கணக்கிட வேண்டும். விமானத்துக்கும் அதன் இன்ஜினுக்கும் தனித்தனிக் கணக்கு. அதே யோசனையை வீட்டுச் செலவிலும் போட்டுப் பார்க்கலாம்.

ஜியோவின் பெட்டி

2016 செப்டம்பர் 5ல் ஜியோ வந்தது. முழுக்க 4ஜி. அன்று பெரும்பாலோர் கையில் இருந்தது 2ஜி, 3ஜி போன்கள். அவற்றில் ஜியோ சிம் போட்டால் வேலை செய்யாது. இந்த இடைவெளியை நிரப்பியது ஜியோஃபை பெட்டி, விலை 1,999 ரூபாய். பழைய போன், பழைய டேப்லெட், லேப்டாப் எதுவானாலும் வைஃபை இருந்தால் போதும். ஒரு செயலியைப் போட்டுக்கொண்டால் 4ஜி இல்லாத ஸ்மார்ட்போனிலிருந்து அந்தப் பெட்டி வழியாக அழைப்பும் பேசலாம். ஐந்து வருடப் பழைய வைஃபை டேப்லெட் திடீரென்று 4ஜி டேப்லெட் ஆனது. 3ஜி ரேடியோ உள்ளே வைத்து வாங்கியவருக்கும் கடைசியில் அதே பெட்டிதான் தேவைப்பட்டது. ஹாட்ஸ்பாட் பெட்டிக்கு இந்தியாவில் அதுதான் பொற்காலம்.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஹாட்ஸ்பாட் பெட்டி சிக்னலை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே இருக்கும் சிம்மும் சரி, பெட்டியில் இருக்கும் சிம்மும் சரி, அதே கோபுரத்தைத்தான் நம்புகின்றன. 2019 ஜூலை 1லிருந்து ஆகஸ்ட் 17 வரை காஞ்சிபுரத்தில் அத்திவரதர் தரிசனத்துக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அந்த மாதிரிக் கூட்டத்தில் ஒரு கோபுரத்தின் கொள்ளளவை எல்லோரும் பங்கு போட வேண்டும். எந்தக் கருவிக்கும் தனி வரிசை, விஐபி பாஸ் கிடையாது. ஒரே வித்தியாசம், பெட்டியில் போனை விட வேறு கம்பெனி சிம் போட்டிருந்தால் இரண்டாவது வழி ஒன்று கையில் இருக்கும்.

போனே பெட்டியான கதை

பெட்டியின் பொற்காலம் சீக்கிரம் முடிந்தது. காரணம் போட்டிப் பெட்டி இல்லை, போன்.

2008 வாக்கிலேயே 'ஜாய்க்குஸ்பாட்' என்ற மென்பொருள் நோக்கியாவின் சிம்பியன் போன்களை வைஃபை ஹாட்ஸ்பாட்டாக மாற்றியது. 2010 மே மாதம் வந்த ஆண்ட்ராய்டு 2.2ல் இந்த வசதி உள்ளேயே வந்தது. 2011 மார்ச்சில் ஐபோனுக்கும் வந்தது. போனில் செல்பேசி ரேடியோ, வைஃபை ரேடியோ இரண்டும் ஏற்கனவே இருக்கின்றன. மைஃபை பெட்டிக்குள் இருந்த எல்லாம் போனுக்குள் இருக்கும்போது தனிப் பெட்டி எதற்கு? 4ஜி போன்கள் மலிவானதும் ஜியோஃபையின் தேவை குறைந்துவிட்டது.

இதில் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கும் பங்கு உண்டு. பட்டு மட்டும்தான் இந்த மாவட்டத்தின் சரக்கு என்று நினைக்கக் கூடாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1ல் மூடும் வரை கோடிக்கணக்கில் போன்களைச் செய்தது. 2019லிருந்து பக்கத்து சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் தயாராகின்றன. மைஃபை பெட்டியின் பிழைப்பைக் கெடுத்த கருவி, இந்த மாவட்டத்து ஆலைகளிலிருந்தும்தான் போனது.

ஆனால் போன் ஹாட்ஸ்பாட்டுக்கு ஒரு குணம் உண்டு. அது போனின் சொந்தக்காரரோடு நடந்து போய்விடும். சாதாரண நாளில் இது பெரிய விஷயமில்லை. 2020 மார்ச்சில் பள்ளி, கல்லூரிகள் மூடியபோதுதான் தெரிந்தது. வகுப்பு ஆன்லைனுக்குப் போனது. பிள்ளையார்பாளையம் மாதிரி நெசவாளர் தெருவில் ஒரு வீட்டில் ஒரு ஸ்மார்ட்போன் என்றால், அதே போன்தான் அப்பாவுக்குக் கூலி பற்றிப் பேச, டிசைன் படம் வாங்க, கடனுக்கு அலைய. அவர் வெளியே கிளம்பினால் நெட்டும் கிளம்பிவிடும். வீட்டில் அரசு கொடுத்த லேப்டாப் இருந்தாலும் அதற்குள் சிம் போட இடமில்லை. இணைப்பு இல்லாத வீடுகளுக்கு 2019ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிதான் கை கொடுத்தது.

2021 ஜனவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, கல்லூரி மாணவர்களுக்கு தினம் 2 ஜிபி வீதம் ஏப்ரல் வரை இலவச டேட்டா கார்டு என்று அறிவித்தார். எல்காட் மூலம் 9,69,047 மாணவர்களுக்கு. இது நல்ல உதவிதான். ஆனால் அட்டை மட்டும் நெட் ஆகாது. அதைப் போட ஒரு ரேடியோ வேண்டும். சொந்த ஸ்மார்ட்போன் வைத்திருந்த மாணவருக்கு அது உடனே பலன் தந்தது. லேப்டாப் மட்டும் வைத்திருந்தவர், அட்டையைப் போட இன்னொருவர் போனைத்தான் தேட வேண்டும். 2011ல் ஆகாஷில் கருவி இருந்தது, இணைப்பு இல்லை. 2021ல் இணைப்பு இருந்தது, அதை வாங்கிக்கொள்ளும் கருவி எல்லோரிடமும் இல்லை. பத்து வருடத்தில் ஓட்டை இடம் மாறியது, அவ்வளவுதான்.

2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தது. 2026 ஜனவரியில் மடிக்கணினிகள் வழங்கத் தொடங்கினார்கள். எது நல்லது, டேப்லெட்டா லேப்டாப்பா என்று நிறைய விவாதம் நடந்தது. அதற்கு நெட் எங்கிருந்து வரும் என்ற கேள்வி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

கணக்கு

இனி ஒரு வீட்டுக் கணக்கு. 2024 ஜூலையில் கட்டணம் ஏறியபோது ஜியோவின் தினம் 1.5 ஜிபி, 28 நாள் பிளான் 239லிருந்து 299 ரூபாய் ஆனது. 28 நாள் என்றால் வருடத்துக்கு 12 இல்லை, 13 ரீசார்ஜ். மொத்தம் 3,887 ரூபாய். நான்கு வருடத்துக்கு 15,548.

சிம் உள்ள ஐபேட் என்றால் 2025 விலைப்படி கூடுதல் 15,000, அதோடு இந்த ரீசார்ஜ். மொத்தம் 30,548. ஜியோஃபை மாதிரி ஒரு பெட்டியை அதன் 2016 விலையான 1,999க்குக் கணக்கில் எடுத்தால் 17,547. போன் ஹாட்ஸ்பாட் என்றால் கூடுதல் செலவு பூஜ்யம், ஏற்கனவே போடும் ரீசார்ஜே போதும். மற்ற கம்பெனி டேப்லெட்களில் சிம்முக்கான வித்தியாசம் இதை விடக் குறைவாகவே இருக்கும். எண்கள் மாறினாலும் கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

பார்த்தவுடன் போன் ஹாட்ஸ்பாட் ஜெயித்த மாதிரி தெரிகிறது. ஆனால் செலவுக் கணக்கில் எழுதாத ஒரு வரி இருக்கிறது. போன்காரர் வீட்டில் இல்லாத மணி நேரங்கள். அந்த நேரத்தில் வகுப்போ, விண்ணப்பத்தின் கடைசித் தேதியோ இருந்தால் அதன் விலை என்ன? பாடப் புத்தகத்தில் இதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். பூஜ்யம் என்று எழுதிய இடத்தில் உண்மையில் இருப்பது இதுதான்.

உள்ளே சிம் இருப்பதற்கும் நியாயம் உண்டு. எடுத்தவுடன் நெட் இருக்கும். இரண்டாவது பேட்டரியை சார்ஜ் போட வேண்டாம், போன் சூடாகி உட்கார வேண்டாம். ஐபேடில் செல்லுலார் மாடலில்தான் ஜிபிஎஸ் உண்டு, வைஃபை மாடலில் கிடையாது. தினமும் வெளியே அலையும் வேலைக்கு, ஒருவரே வைத்திருக்கும் கருவிக்கு, அது சரியான தேர்வு. ஆனால் இப்போது அதிலும் ஒரு மாற்றம். 2024ல் வந்த ஐபேட் ஏர், ஐபேட் ப்ரோ செல்லுலார் மாடல்களில் சிம் போடும் தட்டே இல்லை, இசிம் மட்டும்தான். பிஎஸ்என்எல் தமிழ்நாடு வட்டத்தில் இசிம் தொடங்கியது 2025 ஆகஸ்டில்தான். நடுவில் இருந்த அந்த ஒரு வருடத்துக்கு மேலான காலம், பிஎஸ்என்எல் வாடிக்கையாளர் ஒருவர் அந்த விலை உயர்ந்த கருவியை வாங்கியிருந்தாலும் தன் கம்பெனி சேவையை அதில் போட முடியாது. ஏர்செல் சமயத்தில் எல்லோரையும் காப்பாற்றிய பிளாஸ்டிக் துண்டும் இப்போது உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

ஆக...

உள்ளேயா வெளியேயா என்ற கேள்வி வசதி பற்றியது போலத் தெரிந்தாலும், அடியில் இருப்பது வேறு. இந்த இணைப்பு யாருடையது என்பதுதான். உள்ளே சிம் என்றால் இணைப்பு கருவியுடையது. போன் ஹாட்ஸ்பாட் என்றால் போன்காரருடையது. தனிப் பெட்டி என்றால் வீட்டுடையது. அது அலமாரி மேல் இருக்கும், அப்பா வேலைக்குப் போனாலும் வீட்டிலேயே இருக்கும், தங்கையின் டேப்லெட்டுக்கும் அண்ணனின் லேப்டாப்புக்கும் கொடுக்கும். 6ஜி வந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

ஆளுக்கு ஒரு போன் இருக்கும் வீட்டில் போன் ஹாட்ஸ்பாட்டே போதும், எதற்கும் கூடுதல் செலவு தேவையில்லை. தினமும் வெளியே கருவியோடு அலைகிறவருக்கு உள்ளே சிம். ஒரு போன், இரண்டு மூன்று பிள்ளைகள் என்று இருக்கும் வீட்டுக்கு, இன்று யாரும் விளம்பரம் செய்யாத அந்தச் சின்னப் பெட்டிதான் இன்னும் சரியான விடை. அரசு அடுத்த முறை லட்சக்கணக்கில் கருவி வாங்க டெண்டர் போடும்போது பிராசஸர், நினைவகம் எல்லாவற்றையும் எழுதும். நெட் யாருடையது என்பதற்கும் அதில் ஒரு வரி இருந்தால் நன்றாக இருக்கும்.